இருபத்தெட்டு: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் சீட்டுப் போட்டிகளும் அவற்றைப் பற்றிய ஏக்கமும்

இருபத்தெட்டு என்பது நான்கு பேர் இரண்டு கட்சிகளாக ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள். ஒரு கட்டிலிருந்து 2 முதல் 6 வரையுள்ள சீட்டுகளை நீக்கிவிட்டால் எஞ்சும் 32 சீட்டுகளே இதற்குப் போதும். ஆளுக்கு எட்டு. குலான் எனப்படும் ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் புள்ளியே கிடையாது. ஒரு இனத்துக்கு 7 புள்ளி, நான்கு இனத்துக்கு 28. ஆட்டத்தின் பெயர் இந்தக் கணக்கிலிருந்து வந்தது. இதன் பெரிய வடிவமான ஐம்பத்தாறில் இரண்டு கட்டுகளிலிருந்து எடுத்த 48 சீட்டுகளை ஆறு பேர் மூவர் மூவராகப் பிரிந்து ஆடுகிறார்கள். ஒவ்வொரு சீட்டும் இரண்டு முறை வருவதால் புள்ளிகளும் இரட்டித்து 56 ஆகின்றன.

கேரளம் முழுவதும் ஆடப்படும் இவ்விரண்டு ஆட்டங்களும் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், பாறசாலை, இஞ்சிவிளை, செங்கல், தனுவச்சபுரம், காரக்கோணம், வெள்ளறடை ஆகிய ஊர்களிலும், எல்லைக்கு அப்பால் களியக்காவிளை, பளுகல் பகுதிகளிலும் ஒரு தலைமுறையின் மாலைப்பொழுதுகளை நிரப்பியிருந்தன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. நிர்வாகம் இரண்டான பின்னும் சந்தை, கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், கல்யாணம் எல்லாம் பொதுவாகவே தொடர்ந்தன, சீட்டாட்டமும் அப்படித்தான். ஏலம் விளிக்க எண்களும் இனப் பெயர்களும் தெரிந்தால் போதும். பதினாலு, பதினெட்டு, இருபது என்பவை தமிழிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய ஒரே ஒலியில் வருபவை. தாய்மொழி எதுவானாலும் நான்காவது ஆளாக உட்காரத் தடையில்லை.

ஆட்டத்தின் பிறப்பைப் பற்றி எழுத்துச் சான்று இல்லை. ஆயினும் ஜாக்கியும் ஒன்பதும் ஆசு, ராஜா ஆகியவற்றை விஞ்சி நிற்கும் வரிசை ஐரோப்பாவின் யாஸ் குடும்ப ஆட்டங்களுக்கே உரிய அடையாளம். அந்தக் குடும்பம் நெதர்லாந்தில் உருவாகிப் பரவியது என்பதும், டச்சுக்காரர்கள் வழியாகத் தெற்காசியாவுக்கு வந்திருக்கலாம் என்பதும் சீட்டாட்ட வரலாற்றாசிரியர்களின் கருத்து. 1658 முதல் யாழ்ப்பாணமும் 1663 முதல் கொச்சியும் டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தன. ஈழத் தமிழர்கள் ஆடும் முன்னூற்றிநான்கும் இதே வரிசையைக் கொண்டது. அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; ஒரு இனத்துக்கு 76, மொத்தம் 304. வடக்கே வங்காளத்தில் கடைசிப் பிடிக்கு, அதாவது நால்வரும் ஒவ்வொரு சீட்டு இறக்கும் கடைசிச் சுற்றுக்கு, ஒரு புள்ளி கூட்டி ஆடும்போது அதுவே இருபத்தொன்பது ஆகிறது. பெயர் மாறினாலும் இவை அனைத்தும் ஒரே குடும்பம் என்பதில் ஐயமில்லை.

இந்தக் குடும்பத்தின் உயிர், மறைத்து வைக்கும் துருப்பில் இருக்கிறது. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு மட்டுமே போடப்படும். அந்த நான்கைப் பார்த்து, தங்கள் கட்சி எத்தனை புள்ளி எடுக்கும் என்று 14இலிருந்து ஏலம் ஏறும். அதிகம் விளித்தவர் தம் கையிலிருந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனமே துருப்பு. பிறகுதான் மீதி நான்கு சீட்டு வரும். கவிழ்ந்து கிடக்கும் அந்தச் சீட்டு என்ன இனம் என்று அவருடைய கூட்டாளிக்கும் தெரியாது. இறங்கிய இனம் தம்மிடம் இல்லாத ஒருவர் கேட்டால்தான் துருப்பைத் திறக்க வேண்டும். அதுவரை மற்ற மூவரும் இறங்கிய சீட்டுகளைக் கொண்டு ஊகித்தபடி ஆடுகிறார்கள். எதிராளி ஒரு குலானைத் தயங்காமல் இறக்கினால் அது துருப்பாக இருக்காது என்று ஒருவர் கணிப்பார். அந்தக் கணிப்பை எதிர்பார்த்தே இன்னொருவர் இறக்கியிருப்பார். மூன்றாம் பிடியில் எந்த இனத்தில் எத்தனை சீட்டு வெளியே போயிற்று என்பதை நினைவில் வைத்திராதவர் ஐந்தாம் பிடியில் அகப்பட்டுக்கொள்வார்.

ஐம்பத்தாறில் மறைப்பு இல்லை. அங்கே ஏலமே மொழியாகிவிடுகிறது. எந்த எண்ணை, எந்த இனத்தை, எந்த ஒழுங்கில் சொல்கிறார் என்பதே கூட்டாளிகளுக்கான செய்தி. தம்மிடம் குலான் இருக்கிறதா, இனம் நீளமானதா, உதவிக்கு வேறு இனத்தில் பலம் உண்டா என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். கண்சிமிட்டு, இருமல், விரல்தட்டு எல்லாம் கள்ளக்களி, அதாவது ஏமாற்று. பிரிட்ஜ் ஆட்டத்தின் ஏல மரபுகளோடு ஒப்பிடத்தக்க நுட்பம் இது. ஆனால் பிரிட்ஜுக்கு நூற்றுக்கணக்கான நூல்கள் உண்டு. ஐம்பத்தாறை ஆடியவர்கள் மூத்தவர்களின் பின்னால் நின்று பார்த்தே கற்றார்கள்.

எல்லையூர்களில் இந்த ஆட்டம் போட்டியாக வளரச் சில காரணங்கள் பொருந்தி வந்தன. ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கு விடியலில் தொடங்கும் வேலை நண்பகலுக்குள் முடிந்துவிடும். பெருமழை நாட்களில் வெட்டே இருக்காது. ஓய்வு நேரம் ஒரு ஊருக்கே பொதுவாகக் கிடைத்தது. உட்கார இடமும் இருந்தது. 1945இல் 47 நூலகங்களைக் கூட்டி அம்பலப்புழையில் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம், பி. என். பணிக்கரின் உழைப்பால் வாயனசாலைகள் எனப்படும் படிப்பகங்களைச் சிற்றூர்கள் வரை கொண்டுசென்றது. நாளிதழ் மேசையைச் சுற்றி கலை, விளையாட்டுக் கழகங்கள் உருவாயின. ஓணத்தை ஒட்டி அவை நடத்தும் விழாவில் வடம்வலி, உறியடி, அத்தப்பூக்களப் போட்டிகளோடு சீட்டுப் போட்டியும் இடம்பிடித்தது. ஓணம் எல்லைக்கு மேற்கே மட்டும் உரிய விழா அன்று. கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருவோணத்துக்கு உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது.

இன்னொரு களம் ரயில். 1979இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்டதும், எல்லையை ஒட்டிய கேரள நிலையமான பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் தலைநகரத்துக்கு வேலைக்குப் போகும் சீசன் டிக்கெட் கூட்டம் உருவாயிற்று. எதிரெதிர் இருக்கையில் நால்வர், முழங்கால்களின் மேல் விரித்த செய்தித்தாள் அல்லது தோள்பை, அதன் மேல் சீட்டு. நாள்தோறும் அதே பெட்டி, அதே நால்வர். பல ஆண்டுகள் இப்படி ஆடிய கூட்டாளிகளுக்குள் ஏற்படும் புரிதல் வேறு எப்படியும் வாய்க்காது. ஒருவர் சீட்டைத் தொட்டு நிறுத்தும் அரைக்கணத்திலேயே மற்றவருக்குக் கை தெரிந்துவிடும்.

போட்டியின் வடிவம் எளியது. இணைகள் பெயர் கொடுப்பார்கள். சிறு நுழைவுக் கட்டணம். தோற்ற இணை வெளியேறும். பரிசு பெரும்பாலும் ஒரு ஏத்தங்குலை (நேந்திரன் வாழைக்குலை), ஒரு சேவல், பெரிய போட்டியானால் ஆட்டுக்கிடா. ஆயினும் நினைவில் ஆழப் பதிந்தது பரிசைவிடத் தண்டனைதான். ஐம்பத்தாறில் ஒவ்வொரு கட்சியும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் காய்களை வைத்துத் தொடங்கும். ஏலத்தில் தோற்றால் காய் எதிர்க்கட்சிக்குப் போகும். உயர்ந்த ஏலத்துக்கு இழப்பும் அதிகம். கையிருப்பு முழுவதும் தீர்ந்த கட்சிக்குக் குணுக்கு. பலாவிலைக் காம்போ, தென்னங்குரும்பையோ, நூலில் கட்டிய ஓலைத் துண்டோ காதில் தொங்கும். அடுத்து வெல்லும்வரை கழற்றக்கூடாது. இரு காதிலும் குணுக்கோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியரையோ பஞ்சாயத்து உறுப்பினரையோ பார்க்கச் சிறுவர்கள் கூடுவார்கள். பதவியும் வயதும் சாதியும் கணக்கில் வராமல் எல்லாரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்ட இடம் அது. தென் திருவிதாங்கூரின் சாதிக் கட்டுப்பாடுகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதன் எடை புரியும்.

சூதாட்டத்திலிருந்து விலகி நிற்பது இந்தப் போட்டிகளின் முதல் கவலையாக இருந்தது. பணம் வைத்து ஆடுவதை 1960ஆம் ஆண்டின் கேரளச் சூதாட்டச் சட்டம் குற்றமாக்குகிறது. திறமை மேலோங்கும் ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்க அதே சட்டத்தில் இடமுண்டு. ரம்மி முதன்மையாகத் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1960களின் இறுதியில் ஒரு ஆந்திர வழக்கில் சொன்னது. சட்டம் என்ன சொன்னாலும் ஊரில் சீட்டு என்றாலே வீடு அழியும் என்ற அச்சம் இருந்தது. அது காரணமற்ற அச்சமும் அன்று. வாயனசாலைத் திண்ணையில் வாழைக்குலைக்கு ஆடும் இருபத்தெட்டை, தோட்டத்து மறைவில் பணத்துக்கு நடக்கும் ஆட்டங்களிலிருந்து பிரித்துக் காட்டியது அது பலர் முன்னிலையில் நடந்தது என்பதே. பார்வையாளர்கள் இல்லாமல் அந்தப் போட்டிகளுக்கு மதிப்பே இருந்திருக்காது.

சூதா ஆட்டமா என்ற இதே கேள்வியை உலகின் மறுகோடியில் இன்னொரு சீட்டாட்டமும் சந்தித்தது. ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கி, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்ட மேஜிக்: தி கேதரிங், சேகரித்தும் பண்டமாற்று செய்தும் ஆடும் அட்டை விளையாட்டுகளில் முதலாவது. ஒவ்வொருவரும் தாம் சேர்த்த அட்டைகளிலிருந்து தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொண்டு வருவார்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆளுக்கு ஓர் அட்டையைப் பந்தயமாக ஒதுக்கி வைக்க வேண்டும். வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார் என்பது முதல் விதிநூலில் இருந்தது. சூதாட்டச் சட்டச் சிக்கலும் ஆட்டக்காரர்களின் வெறுப்பும் சேர்ந்து அந்த விதியைப் போட்டிகளிலிருந்து அகற்றின. 1995க்குப் பிறகு பந்தயத்தைக் குறிப்பிடும் அட்டைகள் அச்சாகவே இல்லை. ஒரே வலிய அட்டையை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றிருந்ததும் மாறியது. 1994 தொடக்கத்தில் ஒரு அட்டைக்கு நான்கு பிரதிகளே அனுமதி என்ற வரம்பு போட்டிகளில் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மில்வாக்கி நகரின் ஜென் கான் விழாவில் முதல் உலகப் போட்டி நடந்தது. தகுதிச் சுற்று எதுவுமில்லை. வந்தவர்கள் எல்லாரும் சேரலாம். அமெரிக்கரான சாக் டோலன், பிரான்சின் பெர்த்ரான் லெஸ்ட்ரேயை வென்றார். இரண்டே ஆண்டுகளில், 1996 பிப்ரவரியில், நியூயார்க்கில் ரொக்கப் பரிசோடு தொழில்முறைத் தொடர் தொடங்கியது. எவரும் நுழையலாம் என்றிருந்த காலம் அதற்குள் முடிந்துவிட்டது.

அந்தக் குறுகிய காலத்தைப் பற்றிய ஏக்கம் இன்று ஓர் இயக்கமாகவே இருக்கிறது. 2007 வாக்கில் ஸ்வீடனின் கோதன்பர்க் நகர நண்பர்கள் சிலர் 1993, 1994ஆம் ஆண்டுகளில் அச்சான அட்டைகளை மட்டும் கொண்டு ஆடத் தொடங்கினர். அது ஓல்டு ஸ்கூல் (பழைய பாணி) என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. அவர்களுடைய ஆண்டுப் போட்டியில் வெல்பவருக்குக் கிடைப்பது பணம் அல்ல. பங்கேற்ற அனைவரும் கையெழுத்திட்ட, சந்தையில் பெரிய மதிப்பில்லாத ஒரு சுறா அட்டை. ஆடப்படும் அட்டைகளோ பல ஆயிரம் டாலர் பெறுபவை. அத்தகைய செல்வத்தை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு சுறா அட்டைக்காகப் போராடுவது, ஏத்தங்குலைக்காக இரவெல்லாம் கண்விழித்த எல்லையூர்க்காரர்களுக்கு எளிதில் புரியும் செயல்.

இந்தியச் சிறுவர்களுக்கு இந்த அட்டைகள் அக்காலத்தில் எட்டவில்லை. 1990களில் அவர்களிடம் புழங்கியவை மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகள். உயரம், எடை, மார்பளவு, தரவரிசை என்று அட்டையில் அச்சிட்ட எண்களில் ஒன்றைச் சொல்லி எதிராளியின் அட்டையைப் பிடுங்குவார்கள். 2003இல் போக்கிமான் தொலைக்காட்சித் தொடர் வந்ததும் அதன் படங்கள் அச்சிட்ட வட்டுகளும் போலி அட்டைகளும் கடைகளில் நிறைந்தன. அவற்றைச் சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள். ஆட்ட விதி அநேகமாக எவருக்கும் தெரியாது. போட்டி என்று சொல்லத்தக்க ஒன்று தென்கோடி ஊர்களில் சீட்டுக்கட்டைச் சுற்றித்தான் நடந்தது. இதில் ஒரு அடிப்படை வேறுபாடு உண்டு. சேகரிப்பு அட்டையில் பணமுள்ளவர் நல்ல கட்டை வாங்க முடியும். இருபத்தெட்டில் 32 சீட்டும் பொதுவானவை. கழகத்தின் அழுக்கேறிய கட்டு எல்லாருக்கும் ஒன்றே. வாங்க முடியாததாக இருந்தது ஒன்றே ஒன்று: நல்ல கூட்டாளி.

ஏக்கம் பற்றிய ஆய்வுகள் இரு கருத்துகளைத் தருகின்றன. ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவையே முதுமையில் மிகுதியாகவும் தெளிவாகவும் நினைவுக்கு வருகின்றன என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்ட உண்மை. எனவே எந்தத் தலைமுறையும் தன் இளமைக்காலப் போட்டியையே பொற்காலம் என்று சொல்லும். அந்தச் சொல்லை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. இரண்டாவது, இலக்கியப் பேராசிரியர் ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியான தம் நூலில் காட்டிய பாகுபாடு: இழந்ததை மீண்டும் கட்டியெழுப்ப முனையும் ஏக்கம் ஒன்று, இழப்பையே எண்ணிப் பார்க்கும் ஏக்கம் மற்றொன்று. கோதன்பர்க் நண்பர்களுடையது முதல் வகை. எல்லையூர்களில் நிலவுவது இரண்டாவது வகை.

ஏன் அப்படி என்பதற்கு விடை பாசத்தின் அளவில் இல்லை, பதிவில் இருக்கிறது. மேஜிக் ஆட்டத்தின் முதல் போட்டிகளுக்கு அச்சிட்ட விதி உண்டு. தடைசெய்த அட்டைகளின் பட்டியல் தேதியோடு உண்டு. 1994இல் வென்ற கட்டில் இருந்த ஒவ்வொரு அட்டையின் பெயரும் உண்டு. விரும்பினால் அந்த ஆட்டத்தை இன்று அப்படியே மீட்டு ஆடலாம். இருபத்தெட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. துருப்பைக் கேட்டுத் திறக்க வைத்தவர் கட்டாயம் துருப்பால் வெட்ட வேண்டுமா? புள்ளியே இல்லாத கை வந்தால் மறுபடி கலைத்துப் போடலாமா? எட்டுச் சீட்டும் வந்த பிறகு ஏலத்தை உயர்த்த இடமுண்டா? இவற்றுக்கு ஊருக்கு ஊர் வேறு விடை இருந்தது. இரு ஊர் இணைகள் மோதும்போது முதல் கை போடுவதற்கு முன் விதி பேசித் தீர்ப்பதே ஒரு சடங்கு. அதில் மூத்தவர் ஒருவரின் சொல் முடிவானது. அந்த மூத்தவரோடு அந்த ஊரின் விதியும் போய்விடுகிறது. போட்டியை அறிவித்த நோட்டீசுகள் விழா முடிந்ததும் பழைய தாளாயின. வெற்றியாளர் பெயர்களைக் கழகங்கள் தொகுத்து வைக்கும் வழக்கமும் இருக்கவில்லை.

ஆட்டம் குன்றியதற்கான காரணங்கள் அறிந்தவையே. வளைகுடா வேலை நால்வர் குழுக்களைச் சிதறடித்தது. 1985இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கியபின் மாலைகள் வீட்டுக்குள் போயின. பிறகு கைபேசி. சீட்டு கைபேசிக்குள் வந்தபோது அதோடு பணமும் வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைக் கேரள அரசு 2021 பிப்ரவரியில் தடுத்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்குமான இணைய விளையாட்டுச் சட்டம் பண ஆட்டங்களைத் தடைசெய்தது. முகம் தெரியாத எதிராளியோடு தனியறையில் பணத்தை இழக்கும் அந்த ஆட்டத்துக்கும், ஊர் பார்க்கக் காதில் குணுக்கு தொங்கவிட்ட ஆட்டத்துக்கும் சீட்டு ஒன்றைத் தவிரப் பொதுவானது எதுவுமில்லை. இரண்டையும் ஒரே பெயரால் பழிப்பது தவறு.

ஆட்டம் அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓணக் காலக் கழகப் போட்டிகள் இன்றும் நடக்கின்றன. வட அமெரிக்க மலையாளிகள் 1990களின் இறுதியிலிருந்து ஐம்பத்தாறுக்கு ஆண்டுதோறும் பெரும் போட்டி நடத்தி வருகிறார்கள். ஈழத் தமிழரின் பழைய மாணவர் சங்கங்கள் கனடாவிலும் பிரிட்டனிலும் முன்னூற்றிநான்கு போட்டிகளை வைக்கின்றன. பல ஊர்க்காரர்கள் ஒரே கூடத்தில் கூடும்போது ஏதாவதொரு பொது விதியை எழுதித்தான் ஆக வேண்டும். ஆகவே ஊரைவிட்டுப் போனவர்களிடம் எழுதிய விதி உருவாகிறது; ஊரில் இருப்பவர்களிடம் அது இன்னும் வாய்மொழியாகவே நிற்கிறது. எழுதிய பொது விதி ஒன்று ஆட்டத்தைக் காக்கும். அதே வேளையில் செங்கலுக்கும் வெள்ளறடைக்கும் இருந்த சிறு வேறுபாடுகளைத் துடைத்தும்விடும். அந்த வேறுபாடுகள்தான் இந்த ஆட்டத்தின் வரலாறு.

அந்த வேறுபாடுகளைப் பதிவுசெய்யப் புதிதாக ஒரு நிறுவனம் வேண்டியதில்லை. எல்லையின் இருபுறமும் உள்ள வாயனசாலைகளும் கழகங்களும், 1970களிலும் 80களிலும் ஆடியவர்கள் இருக்கும்போதே, தங்கள் ஊர் விதி, ஏல மரபு, போட்டி நடந்த முறை, பரிசு, குணுக்கின் வழக்கம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, பழைய நோட்டீசு கிடைத்தால் அதையும் ஒட்டி வைக்கட்டும். ஒரு ஊருக்கு ஒரு மாலை போதும். கேட்டால் சொல்ல அவர்கள் ஆயத்தமாகவே இருக்கிறார்கள்.